ஜெறோமுக்குச் செவ்வாய்க்கிழமை மதிப்பீடு

ஓகஸ்ட் 7, வியாழன்

விடியவே காற்று. கொடியில் போட்ட உடுப்பெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம். தலையணை உறை ஒன்றைக் காணவில்லை. கோயில் திருநாளுக்கு வந்த வான்கள் வீதி நெடுக. தூசி வாசல் வரை.

வாங்க: சீனி, தேங்காய், பாண், மேர்லினுக்கு இருமல் மருந்து.

என் மகன் ஜெறோமின் போன் அடித்தது. அவன் போன பிறகும் மருமகள் மேர்லின் அதை அணைக்க விடுவதில்லை. ஒவ்வொரு நாளும் சார்ஜ் போட்டு அலுமாரிக்கு மேல் வைக்கிறாள். வேலைக்கென்று யாராவது எடுத்தால், "இப்ப வேலை எடுக்கிறதில்ல" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவாள். இன்று அவள் கிணற்றடியில். நான் எடுத்தேன்.

ஒரு பெண்பிள்ளையின் குரல். தொழில் தகைமைக் கந்தோர். "ஜெறோம் அவர்கள் வாகன மின்சாமான் பொருத்துநர் சான்றிதழுக்கு விண்ணப்பிச்சிருக்கிறார். மதிப்பீட்டாளர் வாற செவ்வாய்க்கிழமை காலையில பத்து மணிக்கு அவர் வேலை செய்ற இடத்துக்கு வருவார். அவர் நிப்பார்தானே?"

சொல்லியிருக்க வேண்டும். பிள்ளை, அவன் காய்ச்சலில் போய்விட்டான், முப்பத்தோராம் நாள் பூசையும் கொடுத்து முடிந்தது. ஒரே ஒரு வசனம். எத்தனை பேருக்குச் சொல்லிவிட்டேன், பாண்காரனுக்குக்கூட.

"ஓம், வரச் சொல்லுங்க" என்றேன்.

வைத்த பிறகு ஒரு சின்னச் சந்தோஷம். எழுதவே கூச்சமாக இருக்கிறது. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அவனுக்கு ஒரு வேலை இருக்கிறது.

மேர்லினிடம் சொல்லவில்லை.

ஓகஸ்ட் 8, வெள்ளி

காற்று குறையவில்லை. முழங்கால் வலி. தைலம் முடிந்துவிட்டது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசித்துக்கொண்டே அரிசி களைந்தேன். நான் படிப்பித்த காலத்தில் காலையில் இடாப்புக் கூப்பிடும்போது, வராத பிள்ளையின் பெயருக்கு, பக்கத்தில் இருக்கிற பிள்ளை "ஓம் டீச்சர்" என்றுவிடும். பொய் சொல்லும் எண்ணம் இருக்காது. கூட்டாளியின் பெயர் காதில் விழுந்ததும் வாய் திறந்துவிடும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

அந்தச் சான்றிதழுக்கு அவன் எவ்வளவு ஆசைப்பட்டான். வாகனத்துக்குள் பாட்டு செட், அலாரம், ரிவர்ஸ் கமரா, வாகனம் நிற்கும் இடத்தைப் போனில் காட்டுகிற டிராக்கர் எல்லாம் பொருத்துகிறவர்களுக்கான சான்றிதழ் அது. வகுப்புக்குப் போய்ப் படித்துப் பெறுவதல்ல. செய்த வேலையையும் செய்கிற வேலையையும் ஒருவர் நேரில் வந்து பார்த்துக் கொடுப்பது. கற்பிட்டி முனையில் ஜெறோமின் கைபடாத திரீவீல் இல்லை. ஆனால் புது வாகனம் ஒன்றும் அவனிடம் வராது. பேப்பர் இல்லாதவன் வயரில் கை வைத்தால் கம்பனி உத்தரவாதம் போய்விடும். "நான் கிழட்டு வாகனங்களுக்கு மட்டும் டொக்டர் அம்மா" என்பான்.

முடிவாக மூன்றில் ஒன்றை எழுதுவார்கள். தகுதி பெற்றார். இன்னும் தகுதி பெறவில்லை. சமூகமளிக்கவில்லை. ஃபெயில் என்ற சொல்லே கிடையாது. விண்ணப்பம் நிரப்பின நாளில் இதை வாசித்து நான் மகிழ்ந்துபோனேன். என் வகுப்பிலும் இப்படி ஒரு சொல் இருந்திருந்தால் எத்தனை பிள்ளைகள் அழாமல் வீட்டுக்குப் போயிருக்கும் என்றேன். ஜெறோம் சிரித்தான். "எனக்கு முதலாவது போதும். மத்த ரெண்டையும் உங்கட பிள்ளைகளுக்குக் குடுங்க."

இன்று முழுக்க மூன்றாவதுதான் மண்டைக்குள். செவ்வாய்க்கிழமை அவன் பெயருக்கு நேரே 'சமூகமளிக்கவில்லை' என்று விழும். படுத்துத் தூங்கிவிட்ட ஆள் மாதிரி. மறந்துபோன ஆள் மாதிரி. அதை எழுத விடக்கூடாது. எப்படி என்று தெரியவில்லை.

ஓகஸ்ட் 9, சனி

வெயில். தலையணை உறை பக்கத்து வளவுத் தென்னைக்கு அடியில் கிடைத்தது, ஆடு தின்ற மிச்சம்.

நஸீர் நானா வந்தார். மீன் லொறிக்காரர், கற்பிட்டியிலிருந்து புத்தளத்துக்கு மீன் ஏற்றுபவர். கையில் பாரை மீன்.

"என்ன டீச்சர், சொகமா ஈக்கிறீங்களா? இத மருமவள்ட்ட குடுங்க. அந்தப் புள்ளட மொகத்தப் பாத்தா சோறு தின்ற ஆள் மாதிரித் தெரியல்ல."

இருந்தார். தேநீர் குடித்தார். கொஞ்ச நேரம் ஜெறோம் வேலை செய்த ஷெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெழுகுக் கதையை எடுத்தார்.

இங்கே உப்புக் காற்றுக்குச் செம்புக் கம்பி சில மாதத்தில் பச்சை பிடித்து உதிர்ந்துவிடும். அதனால் ஜெறோம் வயரை முறுக்கி, ஈயம் வைத்து, அதன் மேல் உருக்கிய மெழுகைச் சொட்டி, பிறகு டேப் சுற்றுவான். மெழுகு என்னிடமிருந்து. கோயிலில் எரிந்து முடிந்த திரிக் கட்டைகளை ஞாயிறு தோறும் கேட்டு வாங்கி வருவேன். கடலுக்குப் போகிறவர்கள் அதை விரும்பிக் கேட்பார்கள், வாகனத்துக்குக் காவல் என்று.

"நான் ஒருநா கேட்டன் டீச்சர். டேய், என்ட லொறிக்கும் கோயில் மெழுகா ஊத்தின எண்டு. இல்ல நானா, ஒங்களுக்குக் கடை மெழுகுதிரி, ஹலால் எண்டான், கள்ளப் பய."

சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு நின்றதும் அவர் தொப்பியைக் கழற்றித் தூசி தட்டினார். தொப்பியில் தூசி இல்லை.

அந்த நேரத்தில் கேட்டுவிட்டேன். "நானா, செவ்வாய்க்கிழமை ஜெறோம்ட வேலையப் பாக்க ஓராள் வாறார். லொறியக் கொண்டுவந்து நிப்பாட்டுவீங்களா?"

"அவன்ட வேலய இப்ப ஆரு டீச்சர் பாக்கிற?"

திரும்பினால் கதவடியில் மேர்லின். மீனை வாங்க வந்தவள்.

நானா போகும் வரை மீனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்.

"ஏன் மாமி வரச் சொன்னீங்க?"

"தெரியல்ல மகள்."

"இல்லாத ஆள எப்பிடி மாமி செக் பண்ணுவாங்க?"

மீனை நான்தான் வெட்டினேன், பொரித்தேன். இருவரும் தொடவில்லை. பூனைக்கு நல்ல காலம்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

பூசைக்குத் தனியே. மேர்லின் வரவில்லை. தலையிடி என்றாள்.

பிரசங்கம் ஒன்றும் ஏறவில்லை. முன் வாங்கில் ஒரு குழந்தை என் குடையின் பிடியைக் கடித்துக்கொண்டே இருந்தது.

முடிந்து வரும்போது, மெழுகுதிரி ஏற்றும் இடத்தில் கால் தானாக நின்றது. கோயில் வேலையாள் கட்டைகளைச் சுரண்டிப் பைக்குள் போட்டு நீட்டினார். ஒவ்வொரு ஞாயிறும் தருவது போலவே. அவருக்கும் பழக்கம், எனக்கும் பழக்கம். வாங்கிக்கொண்டேன். வாசலைத் தாண்டிய பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. அவர் அங்கே நின்று பார்த்தார். நான் இங்கே. திருப்பிக் கொடுக்க மனமில்லை. கொண்டுவந்துவிட்டேன். கதிரைக்குக் கீழே பையோடு இருக்கிறது. எறும்பு வருமா? மெழுகுக்கு வராது.

மேர்லின் காலையில் வானை ஸ்டார்ட் பண்ணும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு நாளும் செய்கிறாள், பேட்டரி செத்துவிடாமலிருக்க. ஜெறோமின் சொந்த வான். மதிப்பீட்டுக்கு வருபவருக்குக் காட்டவென்று ஒவ்வொரு சாமானாகத் தானே பொருத்தியது. கொஞ்ச நேரம் ஓட விட்டு அணைப்பாள். முன்பெல்லாம் அது ஸ்டார்ட் ஆனவுடன் ஊரே கேட்கப் பாட்டு வரும். இப்போது எஞ்சின் சத்தம் மட்டும். செட் பழுதோ என்னவோ. கேட்கவில்லை.

ஓகஸ்ட் 11, திங்கள்

மழை வருகிற மாதிரி இருட்டி, வராமல் போனது.

தைலம் வாங்கியாயிற்று. பருப்பு விலை சொல்ல வேண்டாம்.

காலையில் மேர்லின் ஜெறோமின் போனோடு முற்றத்துக்குப் போனாள். "நான் சொல்லுறன் மாமி. நீங்க சொல்ல வேணாம்." கந்தோருக்கு எடுத்தாள். நான் குசினி ஜன்னலில் நின்றேன். கொஞ்ச நேரம் காதில் வைத்திருந்தாள். "ஓம்... ஓம்... சரி மிஸ்" என்றாள். வந்து வாசல்படியில் இருந்தாள்.

"சொல்லத்தான் மாமி எடுத்தன். அந்தப் புள்ள, ஜெறோம் அவர்கள் ரெடியா எண்டு கேட்டிச்சு."

"நீ என்ன சொன்ன?"

"ரெடி எண்டு சொல்லிட்டன்."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு எனக்கு. பைத்தியக்காரர்கள் மாதிரி. அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. அவன் போன பிறகு அவள் என் மடியில் தலை வைத்தது இன்றுதான் முதல் தடவை.

மத்தியானத்துக்குப் பிறகு ஷெட்டைத் திறந்தோம்.

செய்தது:
மேசை துடைத்தது.
வயர்த் துண்டுகள் நிறம் நிறமாகப் பிரித்துக் கட்டினது (மே.)
மின்விசிறியில் குளவிக்கூடு. தட்டினேன். குளவி இல்லை.
அவனுடைய செருப்பு. அப்படியே விட்டோம்.

மேர்லின் ஈயம் உருக்கும் கோலைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "அவர் இல்லையெண்டா என்ன மாமி எழுதுவாங்க?"

சொன்னேன்.

"வரல்ல எண்டா? அவர் ஒருநாளும் வேலைக்குப் போகாம விட்டதில்ல. காய்ச்சலோட திரீவீலுக்கு அலாரம் பூட்டினவர்."

தெரியும் மகள்.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

எழுதிவிட வேண்டும். ஒழுங்காக வருமோ தெரியாது.

காற்று பலம். மேர்லின் வெள்ளைச் சட்டை போட்டிருந்தாள். இடியப்பம் அவித்து வைத்தேன், வருகிறவருக்கு.

வந்தவர் ஒரு சிங்கள ஐயா, மகத்தயா. என் வயதுக்குக் கொஞ்சம் குறைவு. மோட்டார் சைக்கிளில், தோளில் பை. தூசியில் கண் சிவந்து. கை கழுவத் தண்ணீர் கொடுத்தேன். ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"இடம் சுத்தம். நல்லம். மகன் எங்க டீச்சர்? கூப்பிடுங்க."

என் வாய் எழும்பவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பில் கத்தின வாய்.

மேர்லின் சொன்னாள். "அவர் மோசம் போயிட்டார் சேர். காய்ச்சல். ஜூன் கடைசியில."

மகத்தயா கை துடைத்த துவாயை மெதுவாக மடித்தார். "அப்ப எனக்கு ஏன் வரச் சொன்ன?" கோபம் இல்லை, கேள்விதான். இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

வாசலில் ஹோன். நஸீர் நானா லொறியோடு. இறங்கி வந்து நிலைமையைப் பார்த்தார், தானே தொடங்கினார். "சேர், வந்தது வந்துட்டீங்க. அவன் பூட்டின ஹோன் இது. ரெண்டு தரம் பொலிஸ் புடிச்சிட்டு. அவ்வளவு நல்ல வேல."

மகத்தயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு பையைக் கழற்றி மேசையில் வைத்தார். "சரி. வேலையப் பாப்பம்."

வானைத்தான் காட்டினோம். உள்ளே ஸ்டியரிங் பக்கத்து மூடிகளைக் கழற்றினார். டார்ச் அடித்தார். ஒவ்வொரு வயராக விரலால் வழித்துக்கொண்டு போனார். நான் பேப்பர் திருத்தும்போது வரி வரியாக விரல் வைப்பேன், அது போல. கமரா சரி. அலாரம் சரி. டிராக்கர் வயரைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு செட். வான் திறப்பைப் போட்டுத் திருப்பினார். வேலை செய்யவில்லை. மறுபடி. இல்லை. பியூஸ் பெட்டியைத் திறந்தார்.

"செட்டுக்குப் பியூஸ் போட இல்லையே." பேனாவை எடுத்தார்.

"அவர் போட்டவர் சேர்!" மேர்லின். அவ்வளவு சத்தமாக அவள் கதைத்து நான் கேட்டதில்லை. உள்ளே ஓடினாள். பேர்ஸோடு வந்தாள். அதற்குள் ஜெபமாலையோடு சேர்த்து முடிந்து வைத்திருந்த சின்னச் சிவப்புப் பியூஸ். "நான்தான் கழட்டினன். அது அவர்ட பிழை இல்ல. எழுதிப்போட வேணாம்."

ஏன் கழற்றினாள் என்று அவர் கேட்கவில்லை. வாங்கிப் போட்டார். திறப்பைத் திருப்பினார்.

பாட்டு. நடுவிலிருந்து. ஜெறோம் கடைசியாக அணைத்த இடத்திலிருந்து, பாதி வரியில்.

இவ்வளவு நாளும் அதை அந்த இடத்திலேயே நிறுத்தி வைத்திருந்திருக்கிறாள். அவன் கேட்காத அடுத்த வரியை வர விடாமல். இன்று அவன் பெயரில் ஒரு பிழை விழக்கூடாதென்று எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

வான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகத்தயா நிறுத்தப் போனார். "வேணாம் சேர். ஓடட்டும்." பாட்டு முடியும் வரை யாரும் அசையவில்லை. நஸீர் நானா முகத்தை வீதிப் பக்கம் திருப்பிக்கொண்டார். அடுத்த பாட்டு தொடங்கியதும் அவளே அணைத்தாள்.

பிறகு பொனட்டைத் திறந்தார். அங்கே நெடுநேரம். டேப்பை நகத்தால் சுரண்டினார். வெள்ளையாக வந்தது.

"இது என்ன?"

"மெழுகு. உப்புக் காத்துக்கு. நான்தான் கோயில்லயிருந்து கொண்டுவந்து குடுக்கிறது."

அவர் என்னைப் பார்த்தார். மறுபடி வயரைப் பார்த்தார்.

தேநீர் குடிக்கும்போது கேட்டேன். "என்ன முடிவு சேர்? மறைக்க வேண்டாம். நானும் பேப்பர் திருத்தின ஆள்."

"உண்மை சொல்லவா? உள்ளுக்கு வேலை மிச்சம் நல்லம். நான் பாத்ததில நல்ல வேலை. ஆனா எஞ்சின் பக்கம் சூடு, டீச்சர். மெழுகு நிக்காது. உருகி ஓடி இருக்கு, டேப் கழண்டு இருக்கு. அங்க சூட்டுக்குச் சுருங்கிற குழாய் போடணும், உள்ளுக்குப் பசை உள்ளது. சின்ன விசயம். அடுத்த முறை..."

நிறுத்திவிட்டார். கோப்பைக்குள் பார்த்தார்.

ஒரு பிள்ளை நீளக் கணக்கை வரி வரியாகச் சரியாகச் செய்துகொண்டு வந்து, கடைசியில் அலகை எழுத மறந்துவிடும். பக்கத்தில் சின்னதாக எழுதிவிடுவேன், 'அடுத்த முறை கவனம்'. எத்தனை கொப்பியில் எழுதியிருப்பேன். அடுத்த முறை என்பதை யோசித்தே பார்த்ததில்லை.

கேட்டுவிட்டேன். "சமூகமளிக்கவில்லை என்று எழுதாதீங்க சேர். பெரிய முடிவு வேண்டாம். அதை மட்டும் எழுதாதீங்க."

"விதி அப்படித்தான் டீச்சர். ஆள் இல்ல எண்டா அது."

"என் வகுப்பில் ஒரு பிள்ளை பள்ளித் தவணை நடுவில் இறந்தது. அன்றைக்குப் பிறகு அந்தப் பெயருக்கு வரவில்லை என்று நான் அடையாளம் போடவே இல்லை. அதிபர் கேட்டார். வராமல் விடுகிறது வேறு, இது வேறு என்றேன். நீங்கள் வந்தீர்கள். அவன் வேலையை விரல் வைத்துப் பார்த்தீர்கள். பிழையும் சொன்னீர்கள். வராத பிள்ளைக்கு யாராவது பிழை பிடிப்பார்களா?"

அவர் டார்ச்சைப் பைக்குள் வைத்தார். முடிவுத்தாளை வெளியில் எடுக்கவில்லை. "கந்தோருக்குப் போய்த்தான் எழுதுவேன்" என்றார். இடியப்பத்தில் ஒன்று தின்றார், என் மனம் நோகக்கூடாதென்று. போகும்போது மேர்லினிடம், "பியூஸ் இருக்கட்டும். கழட்ட வேணாம். பேட்டரிக்கு ஒண்டும் ஆகாது" என்றார். அவள் தலையாட்டினாள்.

ஓகஸ்ட் 13, புதன்

ஒன்றும் இல்லை. உடுப்புத் துவைத்தது. தேங்காய் அழுகல், கடைக்காரனிடம் சண்டை.

மேர்லின் நாள் முழுக்கப் படுக்கை. காலையில் வான் சத்தம் கேட்கவில்லை.

மெழுகுப் பையை என்ன செய்வது?

அவர் விதியை மீற மாட்டார். அவர் முகம் அப்படி. நான் அவருடைய இடத்தில் இருந்தாலும் மீறியிருப்பேனா? வகுப்பு இடாப்பு என்னுடையது. இது அரசாங்கத்தாள்.

ஓகஸ்ட் 14, வியாழன்

காற்று கொஞ்சம் தணிவு. மேர்லின் எழும்பிக் குளித்தாள். பாண் தின்றாள், சம்பலோடு. என்னிடம் உப்புக் கூட என்று குறை சொன்னாள். நல்லது.

வானை ஸ்டார்ட் பண்ணினாள். பாட்டு வந்தது. ஒரு பாட்டு முழுக்கக் கேட்டாள், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. பிறகு அடுத்தது. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

நஸீர் நானா வழியில் நிறுத்தி, "பேப்பர் வந்திச்சா?" இல்லை. "வரும் டீச்சர். இன்ஷா அல்லாஹ் வரும்." எது வரும் என்று அவருக்கும் தெரியாது.

ஓகஸ்ட் 15, வெள்ளி

மாதா திருநாள். இரண்டு பேரும் பூசைக்குப் போனோம். இந்த முறை கட்டைகள் வாங்கவில்லை. வேலையாளும் நீட்டவில்லை. பையில் இருந்தவற்றைக் கொண்டுபோய்த் திரும்பக் கொடுத்தேன், புதுத் திரிக்கு உருக்கட்டும் என்று.

வரும் வழியில் மரவள்ளி வாங்கினது. வீட்டுக்கு வந்து அவித்துக்கொண்டிருக்கும்போது அலுமாரி மேல் போன் டிங் என்றது. மேர்லின் எடுத்தாள். கந்தோரிலிருந்து. ஆங்கிலம், சிங்களம், கீழே தமிழ். கண்ணாடி இல்லாமல் எனக்குத் தெரியாது, நீயே வாசி என்றேன். வாசிக்க முடியாமல் என்னிடம் நீட்டினாள். கண்ணாடியைத் தேடி, குசினிக்கும் அறைக்கும் நடந்து, கடைசியில் பார்த்தால் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஜெறோமின் முழுப்பெயர். அதற்குக் கீழே: இன்னும் தகுதி பெறவில்லை. மீண்டும் தோற்றலாம்.

இரண்டு தடவை வாசித்தேன். மூன்றாவது தடவை சத்தமாக.

"பாஸ் இல்லையா மாமி?"

"இல்ல மகள். இன்னும் இல்ல."

மரவள்ளி பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் போய்க் குறைத்துவிட்டு அங்கேயே நின்றாள், முதுகைக் காட்டிக்கொண்டு.

"அப்ப, அவர் வந்த எண்டுதானே போட்டிருக்கு?"

"ஓம்" என்றேன். "வந்த எண்டுதான்."